மஞ்சள் சட்டை ஏன் மஞ்சள்? சைக்கிள் கட்டப் பந்தயங்கள் பற்றி 12 கேள்விகள்

ஜூலை மாதம் வந்தால் போதும். இரவு 11 மணிக்குக் கைத்தொலைபேசியைத் திறந்தால், ஏதோ ஒரு பிரெஞ்சு மலையில் வேர்த்துக் கொட்டச் சைக்கிள் மிதிக்கும் வீரர்கள் உங்கள் திரையில் வந்து நிற்பார்கள். பக்கத்திலேயே பிசாசு வேடம் போட்ட ரசிகர் ஒருவர் கத்திக்கொண்டே ஓடுவார்.

"சரி, இன்னிக்கு யாரு ஜெயிச்சது?" என்று நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் குழப்பும். இன்றைய கட்டத்தில் வென்றவர் ஒருவர். மஞ்சள் சட்டையில் இருப்பவர் இன்னொருவர். சிவப்புப் புள்ளிச் சட்டை மூன்றாமவரிடம்!

இந்த விளையாட்டு அப்படித்தான். புரிந்துகொண்டால் விடமாட்டீர்கள். செய்தித்தாள் விற்பனை, மோசடி, துடைப்பக் கட்டை, எட்டு வினாடி என்று இதன் வரலாறு முழுக்கக் கதைதான். 12 கேள்விகளில் பார்க்கலாம், வாங்க.

1. கட்டப் பந்தயம் என்றால் என்ன?

ஒரே நாளில் முடியாத பந்தயம். ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கடைசியில் மொத்த நேரம் யாருக்கு ஆகக் குறைவோ, அவரே வெற்றியாளர். பள்ளித் தேர்வு மாதிரிதான்: கணக்கில் முதலிடம் வந்தாலும், எல்லாப் பாடமும் சேர்த்த மொத்த மதிப்பெண்தான் முக்கியம்.

அப்படியென்றால் ஒரு கட்டத்தில்கூட முதலிடம் வராமல் பட்டம் வெல்ல முடியுமா? முடியும். 1990இல் அமெரிக்காவின் கிரெக் லெமான்ட், 2017இல் பிரிட்டனின் கிறிஸ் ஃபுரூம் இருவரும் அப்படித்தான் டூர் டி பிரான்ஸ் பட்டத்தை வென்றார்கள்.

மிகப் பெரிய கட்டப் பந்தயங்கள் மூன்று:
• டூர் டி பிரான்ஸ் (1903 முதல்)
• இத்தாலியின் ஜிரோ டி இத்தாலியா (1909 முதல்)
• ஸ்பெயினின் வுவெல்டா (1935 முதல்)

மூன்றிலும் இப்போது 21 கட்டங்கள். ஓய்வு நாள்களையும் சேர்த்தால் மூன்று வாரத்துக்குச் சற்று அதிகம். தூரம் பெரும்பாலும் 3,000 கிலோமீட்டருக்கு மேல்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பார்க்கத் தனிநபர் போட்டி மாதிரி இருந்தாலும் இது குழு விளையாட்டு. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார். பின்னால் ஒட்டிப் போகிறவருக்குச் சக்தி நிறைய மிச்சமாகும். அதனால் குழுவினர் தங்கள் தலைவரைப் பின்னால் வைத்துப் பாதுகாத்தபடி ஓட்டுவார்கள். தண்ணீர் போத்தல் சுமப்பதும் அவர்கள் வேலைதான். அவர்களுக்குப் பிரெஞ்சில் ஒரு பெயர் உண்டு: டொமெஸ்டிக். வீட்டு வேலையாள் என்று பொருள்.

2. டூர் டி பிரான்ஸை ஆரம்பித்தது யார்? சைக்கிள் சங்கமா?

இல்லை. விற்பனை இல்லாமல் தவித்த ஒரு செய்தித்தாள்!

அப்போது பிரான்ஸின் பெரிய விளையாட்டு நாளிதழ் 'ல வேலோ'. அது பச்சைத் தாளில் வரும். அந்தக் காலத்தில் டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரிமீது சுமத்தப்பட்ட பொய் தேசத்துரோகக் குற்றச்சாட்டால் பிரான்ஸே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. 'ல வேலோ' ஆசிரியர் டிரைஃபஸ் பக்கம். அதில் விளம்பரம் கொடுத்துவந்த சில பெரிய தொழிலதிபர்கள் எதிர்ப்பக்கம். கோபத்தில் அவர்கள் 1900இல் சொந்தமாக ஒரு நாளிதழ் தொடங்கினார்கள். பெயர் 'லோட்டோ-வேலோ'. லோட்டோ என்றதும் லாட்டரி என்று நினைக்காதீர்கள்; பிரெஞ்சில் மோட்டார் வண்டியைக் குறிக்கும் 'ஆட்டோ'தான் அது. புதுத்தாளின் நிறம் மஞ்சள்.

பெயர் போட்டியாளரின் பெயரைப் போலவே இருக்கிறது என்று வழக்குப் போனது. தீர்ப்பு பாதகமாக வந்ததால் 'வேலோ'வை எடுத்துவிட்டு 'லோட்டோ' என்று மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 'வேலோ' என்றால் சைக்கிள். சைக்கிள் ரசிகர்களுக்கான நாளிதழ், பெயரிலிருந்தே சைக்கிளை இழந்துவிட்டது!

என்ன செய்வது? 1902 நவம்பரில் பாரிஸில் ஒரு மதிய உணவின்போது இளம் செய்தியாளர் ஜியோ லெஃபெவ்ர் ஒரு யோசனை சொன்னார்: பிரான்ஸையே சுற்றி ஒரு பந்தயம் நடத்தினால் என்ன? ஆசிரியர் ஹென்ரி டெக்ராஞ்சுக்கு முதலில் தயக்கம். பிறகு சம்மதித்தார்.

அந்த யோசனை வேலை செய்தது. விற்பனை ஏறியது. போட்டி நாளிதழ் 'ல வேலோ' 1904இல் மூடப்பட்டது.

3. முதல் பந்தயம் எப்படி இருந்தது?

ஆரம்பத்தில் பெயர் கொடுக்கவே ஆளில்லை. நுழைவுக் கட்டணத்தைப் பாதியாக்கி, தேதியையும் ஜூலைக்குத் தள்ளிய பிறகுதான் கூட்டம் சேர்ந்தது.

1903 ஜூலை 1. பாரிஸுக்கு வெளியே மோன்ஜெரோன் என்ற ஊரில் ஒரு காப்பிக் கடை வாசலிலிருந்து 60 பேர் புறப்பட்டார்கள். மொத்தம் 6 கட்டங்கள்தான். ஆனால் தூரம் 2,428 கிலோமீட்டர்! சராசரியாக ஒரு கட்டத்துக்கு 400 கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரைத் தாண்டும் தூரத்தை, கியர் இல்லாத கனமான சைக்கிளில், மண் சாலையில், ஒரே மூச்சில் ஓட்டுவதாக நினைத்துப் பாருங்கள். இரவிலும் ஓட்ட வேண்டும். முதல் கட்டத்தை முடிக்க வெற்றியாளருக்கே கிட்டத்தட்ட 18 மணி நேரம் பிடித்தது.

அந்த வெற்றியாளர் மொரீஸ் காரன். இத்தாலியில் பிறந்தவர். சிறு வயதில் புகைபோக்கி சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். ஒட்டுமொத்தப் பட்டமும் அவருக்கே. இரண்டாம் இடத்தில் வந்தவரைவிட 2 மணி 59 நிமிடம் முந்தினார். டூர் வரலாற்றில் ஆகப் பெரிய இடைவெளி இன்றுவரை அதுதான். 60 பேரில் கடைசிவரை ஓட்டி முடித்தவர்கள் 21 பேர்.

4. இரண்டாவது ஆண்டே மோசடியா?

ஆமாம், அதுவும் சாதாரண மோசடி இல்லை.

1904இல் சாலையில் ஆணி கொட்டினார்கள். உள்ளூர் வீரரை வெல்ல வைக்க ரசிகர்கள் இருட்டில் மறைந்திருந்து மற்றவர்களைத் தாக்கினார்கள். கூட்டத்தைக் கலைக்கத் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட வேண்டிய நிலை. சில வீரர்கள் ரயிலிலும் காரிலும் போனதாகப் புகார்.

மீண்டும் காரன்தான் முதலிடம். ஆனால் பல மாத விசாரணைக்குப் பிறகு முதல் நான்கு இடங்களில் வந்த எல்லாரும் தகுதிநீக்கம்! ஐந்தாவதாக வந்த ஹென்ரி கோர்னே வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். அவருக்கு அப்போது 20 வயதுகூட ஆகவில்லை. டூர் வென்றவர்களில் இன்றும் ஆக இளையவர் அவரே.

மனம் வெறுத்துப்போன டெக்ராஞ், இனி டூரே கிடையாது என்கிற அளவுக்கு எழுதினார். ஆனால் அடுத்த ஆண்டு பந்தயம் நடந்தது. விதிகள் மட்டும் மாறின. கட்டங்களின் எண்ணிக்கை கூடியது, இரவு ஓட்டம் குறைந்தது. நேரத்தைக் கூட்டாமல் புள்ளி முறையில் 1912 வரை வெற்றியாளரைத் தீர்மானித்தார்கள்.

5. ஒரு சிறுவன் துருத்தி ஊதியதற்குத் தண்டனையா?

இந்தக் கதையைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும்.

அன்றைய விதி: உங்கள் சைக்கிள் உடைந்தால் நீங்களே பழுதுபார்க்க வேண்டும். யாரும் உதவக்கூடாது.

1913. பைரனீஸ் மலைத்தொடரில் 2,115 மீட்டர் உயரத்தில் இருக்கும் துர்மலே கணவாய். அதிலிருந்து இறங்கும்போது யூஜின் கிறிஸ்டோஃபின் சைக்கிளில் முன்சக்கரத்தைத் தாங்கும் கவை உடைந்தது. பட்டம் வெல்லும் வாய்ப்பில் இருந்தவர். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணீரோடு 10 கிலோமீட்டருக்கும் மேல் மலையிலிருந்து நடந்து இறங்கினார். சான்த்-மரி-த-காம்பான் என்ற கிராமத்தில் ஒரு கொல்லன் பட்டறை கிடைத்தது.

கொல்லர் வாயால் வழி சொல்லலாம், கையால் தொடக்கூடாது. கண்காணிப்பாளர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்டோஃப் தாமே இரும்பைக் காய்ச்சி, அடித்து, ஒட்டினார். ஒரு கையில் இரும்பு, மறு கையில் சுத்தியல். உலைக்குத் துருத்தி ஊத மூன்றாவது கை இல்லை. பட்டறையில் இருந்த ஒரு சிறுவன் ஊதிவிட்டான்.

அது 'வெளியார் உதவி' என்று சொல்லி அவருக்கு நேரத் தண்டனை விதித்தார்கள்! ஏற்கனவே பல மணி நேரம் போய்விட்டிருந்தது. தண்டனையால் முடிவு மாறப்போவதில்லை. ஆனாலும் விதித்தார்கள்.

விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் அந்த விதி எதற்காக எழுதப்பட்டது? 1904 மாதிரி மோசடியைத் தடுக்க. துருத்தி ஊதிய சிறுவனா மோசடிக்காரன்? நூறு ஆண்டு கடந்தும் இந்த விவாதம் முடியவில்லை. அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது நினைவுப் பலகை இருக்கிறது. தண்டனை கொடுத்தவர்களின் பெயரை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

6. மஞ்சள் சட்டை எப்போது வந்தது?

1919இல். முதலாம் உலகப் போர் முடிந்து நடந்த முதல் டூர் அது. 'யார் முன்னணியில் இருக்கிறார் என்றே தெரியவில்லை' என்ற குறையைத் தீர்க்க, முன்னணி வீரருக்குத் தனிச் சட்டை கொடுக்க முடிவானது.

மஞ்சள் ஏன்? லோட்டோ நாளிதழின் நிறம் மஞ்சள் என்பது பரவலான விளக்கம். அவசரத்துக்கு அந்த நிறத் துணிதான் கிடைத்தது என்று சொல்பவர்களும் உண்டு. 1913லேயே தாம் மஞ்சள் சட்டை போட்டதாகப் பெல்ஜிய வீரர் பிலிப் தீஸ் பிற்காலத்தில் சொன்னார்.

அதிகாரபூர்வமாக முதலில் அதை அணிந்தவர் யார் தெரியுமா? நம்ம யூஜின் கிறிஸ்டோஃப்தான்! 'மஞ்சள் குருவி' என்று கூட்டம் கிண்டல் செய்ததாம். சரி, இந்த முறையாவது வென்றாரா? இல்லை. முடிவதற்குச் சற்று முன்னால் மீண்டும் அதே கவை உடைந்தது. பட்டம் கைநழுவியது. மனம் உருகிய வாசகர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அந்தத் தொகை, வென்றவர் பெற்ற பரிசைவிட அதிகம். 1922இல் மூன்றாவது முறையாகவும் அவருடைய கவை உடைந்தது. கடைசிவரை அவர் டூர் வெல்லவேயில்லை.

மற்ற நிறங்கள்:
• இளஞ்சிவப்பு: ஜிரோ முன்னணி வீரருக்கு, 1931 முதல். பந்தயத்தைத் தொடங்கிய 'லா கசெட்டா டெல்லோ ஸ்போர்ட்' நாளிதழ் இளஞ்சிவப்புத் தாளில் வரும்.
• சிவப்பு: வுவெல்டா முன்னணி வீரருக்கு, 2010 முதல். 1935இல் ஆரஞ்சு நிறம். இடையில் பல முறை மாறியது.
• பச்சை: டூரில் புள்ளிப் பட்டியலில் முதலிடம், 1953 முதல். பெரும்பாலும் வேக ஓட்டக்காரர்களுக்குப் போகும்.
• வெள்ளையில் சிவப்புப் புள்ளி: டூரின் சிறந்த மலையேறும் வீரருக்கு. மலைப் பரிசு 1933லேயே வந்துவிட்டது. புள்ளிச் சட்டை 1975இல்தான் வந்தது. ஆதரவளித்தது ஒரு சாக்லேட் நிறுவனம்.
• வெள்ளை: டூரின் சிறந்த இளம் வீரருக்கு, 1975 முதல்.

7. கடைசியாக வருபவருக்கும் பெயர் உண்டா?

உண்டு. டூரில் அவருக்கு 'லான்டர்ன் ரூஜ்' என்று பெயர். சிவப்பு விளக்கு என்று பொருள். அந்தக் கால ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் சிவப்பு விளக்கிலிருந்து வந்த பெயர். அதைக் கேவலமாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நேர வரம்பு உண்டு. வரம்புக்குள் வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கடைசியாக வருபவர், பாதியில் விலகிய எல்லாரையும் தாண்டி வந்தவர்.

2014இல் டூரை முடித்த முதல் சீன வீரர் ஜீ செங் சிவப்பு விளக்காகத்தான் பாரிஸ் வந்து சேர்ந்தார். தம் குழுவுக்காகப் பல நாள் கூட்டத்தின் முன்னால் நின்று காற்றை வாங்கிக்கொண்டவர் அவர்.

இத்தாலியில் இன்னும் சுவாரசியம். 1946 முதல் 1951 வரை ஜிரோவில் கடைசி இடத்துக்குக் கறுப்புச் சட்டை கொடுத்தார்கள். போருக்குப் பிந்திய வறுமைக் காலம். கடைசியாக வருபவர்மீது இரக்கப்பட்டு ரசிகர்கள் பணமும் பொருளும் கொடுப்பார்கள். லூயிஜி மலப்ரோக்கா என்பவர் இதைக் கண்டுகொண்டார். 1946, 1947 இரண்டு ஆண்டும் கறுப்புச் சட்டை அவருக்கே! நேரத்தைக் கடத்த வழியில் ஒளிந்துகொள்வார் என்றும், 1949இல் இன்னொருவர் அவரைவிட மெதுவாக ஓட்டி 'முந்தியதால்' சட்டையை இழந்தார் என்றும் கதை.

அவருக்கு ஓட்டத் தெரியாது என்று நினைத்தீர்களா? சேற்றிலும் மேட்டிலும் ஓட்டும் சைக்குளோகிராஸ் போட்டியில் இத்தாலியின் தேசிய வெற்றியாளர் அவர். அதுவும் இரண்டு முறை.

8. ஆண்களின் ஜிரோவில் ஓட்டிய அந்தப் பெண் யார்?

அல்ஃபோன்சினா ஸ்ட்ராடா. ஆண்டு 1924.

அந்த ஆண்டு பணத் தகராறில் பெரிய குழுக்கள் ஜிரோவைப் புறக்கணித்தன. ஏற்பாட்டாளர்களுக்கு ஆள் தேவை, பரபரப்பும் தேவை. 'அல்ஃபோன்சின் ஸ்ட்ராடா' என்ற பெயர் பட்டியலில் ஏறியது. கடைசி எழுத்து இல்லாததால் ஆணா பெண்ணா என்று தெரியாது. பந்தயம் தொடங்கிய பிறகுதான் ஊருக்கே தெரிந்தது.

மழையிலும் புயற்காற்றிலும் நடந்த ஒரு கட்டத்தில் அவருடைய சைக்கிளின் கைப்பிடி உடைந்தது. துடைப்பக் கட்டையை ஒடித்துச் செருகிக்கொண்டு ஓட்டினார். ஆனால் நேர வரம்பைத் தாண்டித்தான் வர முடிந்தது. விதிப்படி அவர் வெளியே போக வேண்டும். ஏற்பாட்டாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: தரவரிசையில் பெயர் இருக்காது, ஆனால் தொடர்ந்து ஓட்டலாம். மொத்தம் 3,600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி மிலான் வந்து சேர்ந்தார். புறப்பட்ட 90 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் அதற்குள் விலகியிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு மீண்டும் வர விரும்பினார். அனுமதி இல்லை. ஆண்களின் மூன்று பெரும் பந்தயங்களில் ஓட்டிய ஒரே பெண் இன்றுவரை அவர்தான்.

பெண்களுக்கான டூர் எப்போது வந்தது? 1955இல் ஒருமுறை ஐந்து நாள் பந்தயம் நடந்தது. பிறகு நீண்ட மௌனம். 1984இல் ஆண்கள் ஓட்டிய அதே சாலைகளில் 18 கட்டப் பந்தயம் நடந்தது. அமெரிக்காவின் மரியன் மார்ட்டின் வென்றார். 1989க்குப் பிறகு அதுவும் நின்றது. வேறு பெயர்களில், சிறிய அளவில், விட்டுவிட்டுப் பந்தயங்கள் நடந்தன. இப்போதைய 'டூர் டி பிரான்ஸ் ஃபெம்' 2022இல்தான் தொடங்கியது. ஆண்களுக்கு 21 கட்டம். பெண்களுக்கு அப்போது 8.

9. உண்மையிலேயே எட்டே எட்டு வினாடியா?

ஆமாம். 1989.

கிரெக் லெமான்ட்டை இரண்டு ஆண்டுக்கு முன்னால் வேட்டையின்போது தவறுதலாகச் சுட்டுவிட்டார்கள். உயிர் பிழைத்ததே பெரிது. உடலில் எடுக்க முடியாத ஈயக் குண்டுகளோடு பந்தயத்துக்குத் திரும்பியிருந்தார்.

கடைசி நாள். மஞ்சள் சட்டை பிரான்ஸின் லோரன் ஃபின்யோனிடம். இடைவெளி 50 வினாடி. மிச்சம் இருந்தது வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர், தனித்தனியாக நேரம் பார்த்து ஓட்டும் கட்டம். அவ்வளவு குறைந்த தூரத்தில் 50 வினாடியை எட்டிப் பிடிக்க முடியாது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

லெமான்ட் ஒரு புதுக் கைப்பிடியைப் பொருத்தியிருந்தார். இரண்டு கையையும் முன்னால் சேர்த்து நீட்டி, காற்றைக் கிழித்துக்கொண்டு போகலாம். தலையில் நீண்ட தலைக்கவசம். ஃபின்யோன் வழக்கமான கைப்பிடியோடு, தலைக்கவசம் இல்லாமல், குடுமி காற்றில் பறக்க ஓட்டினார். இருக்கைப் புண் வேறு அவரை வாட்டியது.

முடிவு: லெமான்ட் 58 வினாடி வேகம். 87 மணி நேரத்துக்கு மேல், 3,285 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு வித்தியாசம் வெறும் 8 வினாடி! இந்த வாக்கியத்தை நீங்கள் படிக்க எடுக்கும் நேரம்தான்.

மற்ற பந்தயங்களின் ஆகக் குறைந்த இடைவெளிகள்:
• ஜிரோ: 11 வினாடி (1948, ஃபியோரென்சோ மான்யி)
• வுவெல்டா: 6 வினாடி (1984, எரிக் காரித்து)
• டூர் டி பிரான்ஸ் ஃபெம்: 4 வினாடி (2024, போலந்தின் காசியா நியெவியாதோமா)

10. ஏழு ஆண்டுக்கு வெற்றியாளரே இல்லையாமே?

1999 முதல் 2005 வரை டூரின் வெற்றியாளர் பட்டியல் காலி.

அமெரிக்காவின் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் புற்றுநோயிலிருந்து மீண்டுவந்து தொடர்ந்து ஏழு முறை வென்றவர். உலகமே கொண்டாடியது. ஊக்கமருந்து பயன்படுத்தியதாக 2012இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு முடிவு செய்தது. ஏழு பட்டங்களும் பறிபோயின. 2013 ஜனவரியில் தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் இரண்டாவதாக வந்தவருக்குக் கொடுக்கலாமே? 1904இல் அப்படித்தானே செய்தார்கள்? இந்த முறை செய்யவில்லை. அந்தக் காலத்து முன்னணி வீரர்கள் பலர்மீதும் ஊக்கமருந்துக் கறை இருந்தது. அதனால் இடத்தைக் காலியாகவே விட்டார்கள்.

இதன் விலை பட்டம் மட்டுமல்ல. 1967 ஜூலை 13ஆம் தேதி கொளுத்தும் வெயிலில் மோன் வோன்து மலையில் ஏறிய பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்சன் சரிந்து விழுந்து மாண்டார். வயது 29. அவர் சட்டைப் பையில் ஆம்பெட்டமைன் மாத்திரைகள் இருந்தன. அந்த மலைச் சரிவில் இன்றும் அவர் நினைவுக்கல்லில் சைக்கிளோட்டிகள் தண்ணீர் போத்தலையும் தொப்பியையும் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

11. தலைக்கவசம் எப்போது கட்டாயமானது?

ரொம்பத் தாமதமாக. 2003இல்தான்!

1995இல் இத்தாலியின் ஃபாபியோ கசார்டெல்லி, பைரனீஸ் இறக்கத்தில் விழுந்து தலையில் அடிபட்டு மாண்டார். 1992 ஒலிம்பிக் தங்கப் பதக்க வீரர் அவர். மறுநாள் யாரும் போட்டி போடவில்லை. எல்லாரும் மெதுவாக ஓட்டினார்கள். முடிவுக் கோட்டை அவருடைய குழுவினர் முதலில் சேர்ந்து கடக்க, மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

அப்போதும் விதி மாறவில்லை. சூடு, எடை, பழக்கமில்லை என்று வீரர்களே எதிர்த்தார்கள். 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கசக்ஸ்தானின் ஆந்திரே கிவிலெவ் தலைக்கவசம் இல்லாமல் விழுந்து உயிரிழந்தார். அதன் பிறகுதான் அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கம் கட்டாயமாக்கியது. அப்போதும் நீண்ட கடைசி ஏற்றத்தில் கழற்றிவிடலாம் என்று கொஞ்ச காலம் விலக்கு இருந்தது.

வார இறுதியில் பூங்கா இணைப்புப் பாதையில் ஓட்டும்போது, 'பக்கத்துலதானே, ஹெல்மெட் எதுக்கு' என்று தோன்றினால் இவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

12. இதற்கும் நம் வட்டாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. மலேசியாவின் 'லு டூர் டி லங்காவி' 1996இல் தொடங்கியது. அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீரின் முயற்சி அது. பெயரில் லங்காவி இருந்தாலும் பெரும்பாலான கட்டங்கள் தீபகற்ப மலேசியாவில்தான். பல ஆண்டுகள் பட்டம் யாருக்கு என்பதைத் தீர்மானித்தது கெந்திங் மலை ஏற்றம். குடும்பத்தோடு பேருந்தில் தூங்கிக்கொண்டே ஏறுகிறோமே, அதே சாலை!

2000இல் லங்காவிப் பட்டத்தை வென்றவர் அமெரிக்காவின் கிறிஸ் ஹார்னர். பெயரை நினைவில் வையுங்கள். 13 ஆண்டுகள் கழித்து, 41 வயதில், அவர் ஸ்பெயினின் வுவெல்டாவை வென்றார். மூன்று பெரும் பந்தயங்களில் ஒன்றை வென்றவர்களில் ஆக மூத்தவர் அவரே. 2010இல் மலேசியாவின் அனுவார் மனான், லங்காவிப் பந்தயத்தில் ஒரு கட்டத்தை வென்று உள்ளூர் ரசிகர்களைத் துள்ள வைத்தார்.

சிங்கப்பூரில் 2022 முதல் டூர் டி பிரான்ஸ் பெயரில் ஒரு பந்தயம் நடந்தது. அது கட்டப் பந்தயம் அல்ல. நகருக்குள் ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டும் 'கிரைட்டீரியம்'. ஒரே நாளில் முடிந்துவிடும்.

ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களும் இப்போது பட்டியலை மாற்றுகிறார்கள். 2019இல் கொலம்பியாவின் ஏகன் பெர்னல், டூர் வென்ற முதல் லத்தீன் அமெரிக்கர் ஆனார். 2024இல் எரித்ரியாவின் பினியம் கிர்மே மூன்று கட்டங்களை வென்று பச்சைச் சட்டையையும் தட்டிச் சென்றார். டூரில் ஒரு கட்டத்தை வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவர். பந்தயத்தின் தாயகமான பிரான்ஸோ? அங்கிருந்து ஆண்கள் பட்டத்தைக் கடைசியாக வென்றவர் பெர்னார் ஈனோ. ஆண்டு 1985!

சட்டென்று நினைவில் வைக்க:
• ஐந்து முறை டூர் வென்றவர்கள்: ஜாக் ஆன்கெட்டில், எடி மெர்க்ஸ், பெர்னார் ஈனோ, மிகெல் இந்துரைன்
• டூரில் ஆக அதிகக் கட்ட வெற்றி: 35, பிரிட்டனின் மார்க் கேவண்டிஷ். மெர்க்ஸின் 34 வெற்றிச் சாதனையை 2024இல் முறியடித்தார்.
• ஆக நீளமான டூர்: 1926, 5,745 கிலோமீட்டர்

அடுத்த ஜூலையில் பார்க்க நினைத்தால் ஒரு யோசனை. பிரெஞ்சு நேரத்துக்கும் நமக்கும் கோடையில் 6 மணி நேர வித்தியாசம். பெரும்பாலான கட்டங்கள் நம் நேரப்படி இரவு 11 மணி, 11.30 மணிவாக்கில் முடியும். ஒரு மலைக் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். வெற்றியாளர் கையை உயர்த்தியதும் அலைவரிசையை மாற்றிவிடாதீர்கள். அரை மணி நேரம் பொறுத்தால் கடைசிக் கூட்டம் வரும். நேர வரம்புக்குள் வந்துவிட வேண்டும் என்று ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு வருவார்கள். தலைவருக்குத் தண்ணீர் சுமந்தவர்கள் பலரும் அதில்தான் இருப்பார்கள்.

கிறிஸ்டோஃப் கதைக்கு வருவோம். அந்தக் கண்காணிப்பாளராக நீங்கள் நின்றிருந்தால், துருத்தி ஊதிய சிறுவனைப் பார்த்ததும் என்ன எழுதியிருப்பீர்கள்? குடும்பத்தோடு சாப்பிட உட்காரும்போது கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பதில் வரும்.